எம்.டி.யா, எம்.பி.எச்.சா, களப் பயிற்சியா? பொதுச் சுகாதாரத்தில் கற்பிக்கவும் ஆய்வு செய்யவும் பழக எந்த வழி

மருத்துவ மேற்படிப்புக்கான நீட் பி.ஜி. ரேங்க் வெளியானால் ஒரு வாரத்துக்கு என் போன் ஓயாது. "மேடம், எஸ்.பி.எம். கிடைக்கும் போலிருக்கு, எடுக்கலாமா, இல்லை எம்.பி.எச். போயிடலாமா?" என்று ஹவுஸ் சர்ஜன் பிள்ளைகள் கேட்பார்கள். எஸ்.பி.எம். என்பது சமூக மருத்துவ எம்.டி., எம்.பி.எச். என்பது பொதுச் சுகாதார முதுகலைப் பட்டம். அவர்கள் மட்டுமில்லை. ஆரம்ப சுகாதார நிலையமான பி.எச்.சி.யில் ஐந்தாறு வருடம் ஓட்டிவிட்ட மெடிக்கல் ஆபீசர், பல் மருத்துவம் முடித்துவிட்டு கிளினிக் வேண்டாம் என்று நினைக்கும் பெண், நர்ஸிங் கல்லூரியில் கம்யூனிட்டி ஹெல்த் எடுக்கும் டியூட்டர் என்று பலரும் கேட்கிறார்கள். எல்லோருக்கும் வேண்டியது கிட்டத்தட்ட ஒன்றுதான். வகுப்பில் நின்று புரியும்படி சொல்லிக்கொடுக்க வேண்டும், ஒரு ஆய்வைக் கேள்வியிலிருந்து பேப்பர் வரை தானே கொண்டுபோய்ச் சேர்க்கத் தெரிய வேண்டும். எந்தப் படிப்பு இந்த இரண்டையும் தரும் என்பதில்தான் எல்லோரும் மாட்டிக்கொள்கிறார்கள்.

நான் எம்.டி. வழியாக வந்தவள். அதனால் என் பார்வையில் கொஞ்சம் சாய்வு இருக்கலாம், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் மற்ற வழிகளில் வந்தவர்களோடு ஒரே ஜீப்பில் போய், ஒரே டேட்டாவில் தலையை உடைத்துக்கொண்டிருக்கிறேன். அங்கே பார்த்ததையும் சேர்த்தே எழுதுகிறேன்.

## எதை வைத்து எடை போடுவது?

பெரும்பாலானவர்கள் கல்லூரிப் பெயரையும் பீஸையும் பார்த்து முடிவு செய்கிறார்கள். நான் பார்ப்பது ஐந்து விஷயங்கள், முதலாவதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரியது.

நீங்கள் எழுதியதை யார் திருத்துவார்? ஆய்வுத் திட்டமான புரோட்டோகாலை வரி வரியாகப் படித்து, "இந்தக் கேள்விக்கு இந்த டிசைன் பொருந்தாது" என்று சிவப்பு மையில் எழுதித் தருபவர் இருக்கிறாரா? ஆய்வு என்பது புத்தகத்தில் வருவதே இல்லை, நம் எழுத்தை ஒருவர் நம் கண்முன்னே பிரித்துப் போடும்போதுதான் வருகிறது.

முழுச் சுற்று எத்தனை முறை? கேள்வி, புரோட்டோகால், எத்திக்ஸ் கமிட்டி, களம், டேட்டா, எழுத்து. இதை ஒருமுறை செய்தவருக்கும் மூன்று முறை செய்தவருக்கும் உள்ள தூரம் ரொம்ப அதிகம்.

கற்பிக்க மேடை கிடைக்குமா, அதைப் பார்த்துச் சொல்ல ஆள் உண்டா? வகுப்பு எடுக்கவிடுவார்கள், ஆனால் பின்பெஞ்சில் உட்கார்ந்து கவனித்து, அப்புறம் கூப்பிட்டுப் பேசுபவர் இல்லாவிட்டால் பத்து வருடம் எடுத்தாலும் அதே வகுப்புதான்.

காலமும் பணமும் வீடும். பீஸ் மட்டுமில்லை, சம்பளம் இல்லாத மாதங்களையும் கணக்கில் சேருங்கள்.

முடித்தபின் எந்தக் கதவு திறக்கும்? இதைப் பலர் கடைசி வருடத்தில்தான் கேட்கிறார்கள்.

## ஒரே பார்வையில்

| | எம்.டி. சமூக மருத்துவம் | எம்.பி.எச். | களத் தொற்றுநோயியல் பயிற்சி | வேலையோடு குறுகிய பயிற்சிகள் |
|---|---|---|---|---|
| காலம் | 3 வருடம் | பொதுவாக 2 வருடம் | உயர்நிலை 2 வருடம், தொடக்க நிலை 3 மாதம் | சில நாள் முதல் 2 வருடம் வரை |
| யாருக்கு | எம்.பி.பி.எஸ். மட்டும் | பல இடங்களில் மருத்துவர் அல்லாதவருக்கும் | பெரும்பாலும் அரசு சுகாதாரப் பணியில் இருப்பவர் | ஏற்கெனவே வேலையில் இருப்பவர் |
| கற்பித்தல் | நிறைய மேடை, குறைவான திருத்தம் | குறைவு | சகபயிற்சியாளருக்கும் களப்பணியாளருக்கும் | இதற்கென்றே தனிப் பயிற்சிகள் உண்டு |
| ஆய்வு | ஒரு தீசிஸ் (ஆய்வேடு), ஆழம் கைடைப் பொறுத்தது | முறையான அடித்தளம், ஒரு ஆய்வு | பல சிறு ஆய்வுகள், வேகமாக | ஒரு பேப்பர், கறாரான கெடு |
| மருத்துவக் கல்லூரி ஆசிரியர் பணி | திறக்கும் | தனியாகப் போதாது | தனியாகப் போதாது | இருக்கும் வேலையில் உயர உதவும் |
| மறைந்திருக்கும் செலவு | பாண்டு (கட்டாய அரசுப் பணி ஒப்பந்தம்), துறையின் எடுபிடி வேலை | இழந்த சம்பளம், பிறகு வேலை தேடல் | குடும்பத்தை விட்டு ஊர் ஊராக அலைச்சல் | இரவுகளும் ஞாயிறுகளும் |

## எம்.டி. சமூக மருத்துவம்

மருத்துவக் கல்லூரியில் ஆசிரியராக வேண்டும் என்று உறுதியாக இருந்தால் இதைச் சுற்றிப் போக வழியில்லை. உதவிப் பேராசிரியர் பணிக்கு எம்.டி.யோ அதற்கு இணையான டி.என்.பி.யோதான் கேட்பார்கள். எம்.பி.எச். எவ்வளவு நல்ல இடத்தில் முடித்திருந்தாலும் அது இதற்கு ஈடாகாது.

கற்பிக்க வாய்ப்பு இங்கே தாராளமாகக் கிடைக்கும். முதல் வருடத்திலேயே இளங்கலை மாணவர்களுக்கு பிராக்டிகல், குடும்பத் தத்தெடுப்புத் திட்டத்தில் அவர்களைக் கிராமத்துக்குக் கூட்டிப்போய் வீடு வீடாக அறிமுகப்படுத்துவது, மியூசியம் வகுப்பு என்று எல்லாம் உங்கள் தலையில்தான். வேலூர் சி.எம்.சி. மாதிரி இடங்களில் மாணவர்கள் கிராமத்திலேயே தங்கிக் கற்கும் மரபு பல காலமாக இருக்கிறது. அப்படி ஒரு துறையில் சேர்ந்தால் சொல்லிக்கொடுப்பது எப்படி என்று பார்த்தே பாதி பழகிவிடலாம். மாவட்ட ரெசிடென்சி, அதாவது மாவட்ட அளவில் போய் வேலை செய்வது, மூன்று மாதம் கட்டாயம் என்றான பிறகு மாவட்டச் சுகாதார அமைப்பு உள்ளிருந்து எப்படி ஓடுகிறது என்று பார்க்கவும் முடிகிறது.

சிக்கல் தீசிஸில் இருக்கிறது. மூன்று வருடத்தில் ஒரே ஒரு முழு ஆய்வுதான், அதுவும் கைடு யார் என்பதைப் பொறுத்தது. நான் படித்த துறையின் பெயர் வேண்டாம். தலைப்பு எனக்கு முன் படித்த சீனியருடையதுதான், ஊரை மட்டும் மாற்றிக் கொடுத்தார்கள். எத்தனை பேரை ஆய்வில் சேர்ப்பது என்ற சாம்பிள் சைஸ் எங்கிருந்து வந்தது என்று வைவா வரை எனக்கே தெரியாது. தீசிஸைச் சமர்ப்பிக்கும் முன் அதை முழுதாகப் படித்தவர் பைண்டிங் கடைக்காரர் மட்டுமாக இருந்திருக்கலாம் என்ற வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை. அடுத்த தெருவில் இருந்த இன்னொரு கல்லூரியில் என் தோழிக்கு அவள் கைடு ஏழு டிராஃப்ட் திருத்திக் கொடுத்தார். ஒரே பட்டம், ஒரே பல்கலைக்கழகம்.

மறைந்திருக்கும் செலவுகளையும் சொல்ல வேண்டும். அரசு இடம் என்றால் படித்து முடித்தபின் பாண்டு இருக்கும், தனியார் என்றால் பீஸ். அதோடு துறையின் ரெஜிஸ்டர், முகாம், இன்ஸ்பெக்ஷன் கோப்பு எல்லாம் பி.ஜி.க்கள்தான் தயார் செய்வார்கள். ஆய்வுக்கு என்று நினைத்திருந்த மாதங்கள் இதிலேயே கரைந்துவிடும்.

*இது யாருக்குச் சரி:* எம்.பி.பி.எஸ். முடித்து, ஆசிரியப் பணியையே வாழ்க்கையாக வைத்துக்கொள்ள நினைப்பவருக்கு. கைடிடம் கிடைக்காத ஆய்வுத் திறனை வெளியே தேடிக்கொள்ளலாம், அதைக் கீழே சொல்கிறேன்.

## எம்.பி.எச்.

இந்தப் பட்டத்தை இந்தியாவில் முன்னோடியாகத் தொடங்கிய இடங்களில் ஒன்று திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரை திருநாள் நிறுவனத்தின் அச்சுத மேனன் மையம். 1997-இல் தொடங்கினார்கள். அப்புறம் ஜிப்மர், 2006-இல் உருவான பொதுச் சுகாதார அறக்கட்டளையின் நிறுவனங்கள், டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் என்று நிறைய வந்துவிட்டன. இப்போது தனியார் பல்கலைக்கழகங்களும் தெருவுக்குத் தெரு நடத்துகின்றன. பட்டத்தின் பெயர் ஒன்றுதான், உள்ளே நடப்பது வேறு வேறு.

நல்ல இடத்தில் கிடைப்பது ஒழுங்கான அடித்தளம். தொற்றுநோயியல், புள்ளியியல், சுகாதாரப் பொருளாதாரம், சமூகவியல் எல்லாவற்றையும் வரிசையாகக் கற்கலாம். எம்.டி.யில் நாங்கள் ரிக்ரெஷன் என்ற புள்ளியியல் முறையை யூடியூபில் படித்தபோது அங்கே அதை வகுப்பிலேயே டேட்டாவோடு உட்கார்ந்து செய்தார்கள். தவிர, பக்கத்து நாற்காலியில் நர்ஸ், பல் மருத்துவர், சமூகப்பணி படித்தவர், இன்ஜினியர் என்று ஆட்கள் கலந்திருப்பார்கள். நீங்கள் சாதாரணமாகச் சொல்லும் மருத்துவ வார்த்தையை அவர்கள் "அப்படின்னா?" என்று கேட்கும்போதுதான் விளக்கிச் சொல்லவே பழகுகிறோம்.

கற்பிக்கும் பயிற்சி என்று தனியாகப் பெரிதாக இருக்காது. செமினார் எடுப்பீர்கள், அவ்வளவுதான்.

இதன் பெரிய செலவு பிராஸ்பெக்டஸில் இருக்காது. இரண்டு வருடம் சம்பளம் இல்லை, முடித்தபின் நிரந்தர அரசுப் பணியிடங்கள் குறைவு. பெரும்பாலும் புராஜெக்ட் வேலை, ஒப்பந்தம் முடிந்தால் அடுத்த புராஜெக்ட். மருத்துவர் அல்லாதவர்கள் இதை வீட்டில் பேசி, கணக்குப் போட்டுவிட்டு இறங்குங்கள். மாவட்ட சுகாதார அதிகாரியாக நினைக்கும் தமிழ்நாட்டு மருத்துவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். இங்கே பொதுச் சுகாதாரத்துக்கு என்றே தனி கேடர் (பணிப்பிரிவு) உண்டு, அதற்கான தகுதியில் டி.பி.எச். என்ற டிப்ளமோவுக்குப் பழைய மரியாதை இருக்கிறது. எம்.பி.எச். எடுத்தால் அது ஒத்துக்கொள்ளப்படுமா என்று அந்த ஆண்டின் விதியைப் பார்த்தபின் முடிவு செய்யுங்கள்.

*இது யாருக்குச் சரி:* மருத்துவர் அல்லாத, ஆனால் ஆய்வில் மனம் வைத்தவர்களுக்கு இதுதான் முதல் வழி. பின்னால் பிஎச்.டி. போகும் எண்ணம் இருந்தால் இன்னும் நல்லது. எம்.டி. முடித்தவர் மறுபடி எம்.பி.எச். சேர்வது எனக்கு அவ்வளவாகப் புரிவதில்லை, வெளிநாட்டில் ஸ்காலர்ஷிப்போடு கிடைத்தால் ஒழிய.

## களத் தொற்றுநோயியல் பயிற்சி

எனக்கு மிகவும் பிடித்ததும், நம் பிள்ளைகள் குறைவாகக் கேள்விப்பட்டிருப்பதும் இதுதான். நோய் எப்படிப் பரவுகிறது என்பதைக் களத்துக்கே போய் விசாரித்துக் கற்பது. அமெரிக்காவில் அலெக்சாண்டர் லாங்முயர் 1951-இல் தொடங்கிய தொற்றுநோய்ப் புலனாய்வுப் பணிதான் இதற்கு மூலம். நம்மிடம் சென்னை தேசியத் தொற்றுநோயியல் நிறுவனத்தில், அதாவது அம்பத்தூரை அடுத்த அயப்பாக்கத்தில், 2001-இல் இரண்டு வருடப் பயிற்சியாகத் தொடங்கியது. டெல்லியில் தேசிய நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2012-இல் இன்னொன்றைத் தொடங்கியது. அடிப்படை ஒன்றே, நேரத்தில் ஏறக்குறைய கால்வாசி வகுப்பு, முக்கால்வாசி களம்.

வகுப்பு என்றாலும் வெறும் லெக்சர் கிடையாது. உலகம் முழுக்க இந்தப் பயிற்சிகளில் போடும் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. 1940 ஏப்ரலில் நியூயார்க் மாநிலத்தின் ஆஸ்விகோவில் ஒரு தேவாலய விருந்து. 80 பேர் வந்தார்கள், 75 பேரை விசாரித்தார்கள், 46 பேருக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும். ஹாம், கீரை, உருளைக்கிழங்கு, கேக் என்று நீளும் பட்டியலைக் கையில் கொடுத்துவிட்டு ஆசிரியர் உட்கார்ந்துவிடுவார். ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் சாப்பிட்டவரில் எத்தனை பேருக்கு வந்தது, சாப்பிடாதவரில் எத்தனை பேருக்கு வந்தது என்று நீங்கள்தான் போட வேண்டும். வனிலா ஐஸ்கிரீம் சாப்பிட்ட 54 பேரில் 43 பேருக்கு நோய், சாப்பிடாத 21 பேரில் 3 பேருக்குத்தான். 80 சதவீதத்துக்கு எதிராக 14 சதவீதம். அந்த வரியைப் போட்டு முடிக்கும்போது அறையில் யாராவது ஒருவர் கட்டாயம் "ஆ!" என்பார். தாக்குவீதம் (எத்தனை சதவீதம் பேருக்கு நோய் வந்தது), ஒப்பீட்டு அபாயம் (சாப்பிடாதவரைவிட எத்தனை மடங்கு) என்று நான் மூன்று வகுப்பில் சொல்லிப் புரியவைக்க முடியாததை அந்த ஒரு தாள் செய்துவிடுகிறது. கற்பிக்கும் முறையையும் சேர்த்தே கற்றுக்கொடுக்கும் பயிற்சி என்று நான் சொல்வது இதனால்தான்.

களத்தில் எப்படி இருக்கும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். நான் இரண்டாம் வருட பி.ஜி.யாக இருந்தபோது ஒரு கிராமத்தில் வயிற்றுப்போக்கு. நோயாளிகளின் பட்டியலான லைன் லிஸ்ட் எடுத்தேன், வடக்குத் தெருவில் 34 பேர், ஓடைத் தெருவில் 19 பேர். அழகாக பார் சார்ட் போட்டு, "வடக்குத் தெருவில்தான் பிரச்சினை" என்று எழுதிவிட்டேன். கூட வந்திருந்தவர் இந்தப் பயிற்சியில் இருந்த ஒரு மாவட்ட அதிகாரி. படத்தைப் பார்த்துவிட்டு, "அந்தத் தெருவிலே எத்தனை பேர்ம்மா இருக்காங்க?" என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. மறுநாள் காலை ஏழு மணிக்கு கிராம சுகாதார செவிலியரான வி.எச்.என். அக்கா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அவர் ரெஜிஸ்டரைப் புரட்டினோம். வடக்குத் தெருவில் 680 பேர், ஓடைத் தெருவில் வெறும் 95 பேர். அதாவது 5 சதவீதத்துக்கு எதிராக 20 சதவீதம். என் முடிவு தலைகீழாகிவிட்டது. ஓடைத் தெருவில் போய்ப் பார்த்தால் குடிநீர்க் குழாய் சாக்கடைக்குள் மூழ்கிப் போகிறது, மூட்டுவாயில் சணல் சுற்றியிருந்தது. என் எழுத்தை ஒருவர் உண்மையிலேயே திருத்தியது அன்றுதான்.

இந்தப் பயிற்சியில் நோய்க் கண்காணிப்புத் தரவை அலசுவது, கண்காணிப்பு அமைப்பையே மதிப்பிடுவது, நோய்ப் பரவலை விசாரிப்பது, ஒரு திட்டமிட்ட ஆய்வு என்று சிறிதும் பெரிதுமாகப் பல சுற்று வரும். ஒவ்வொன்றுக்கும் அறிக்கை, ஒவ்வொரு அறிக்கைக்கும் திருத்தம்.

குறைகளும் உண்டு. முதலில் அரசுப் பணியில் இருப்பவர்களை மனதில் வைத்து உருவானதால் வெளியில் இருப்பவருக்குச் சேர்க்கை எளிதில்லை, துறை அனுப்ப வேண்டும். சேர்க்கை விதிகளும் பட்டத்தின் பெயரும் மாறிவந்திருக்கின்றன, அந்த ஆண்டு அறிவிப்பைப் படியுங்கள். பரவல் என்று போன் வந்தால் பெட்டியோடு கிளம்ப வேண்டும், கைக்குழந்தை இருப்பவர்கள் வீட்டில் யார் பார்த்துக்கொள்வார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஆழமான சமூகவியல் ஆய்வு, நேர்காணல் வகை ஆய்வு இவற்றுக்கு இங்கே நேரம் குறைவு. திரும்பி வந்தபின் துறை உங்களை மறுபடி டெண்டர் கோப்பிலேயே உட்கார வைத்துவிடும் அபாயமும் இருக்கிறது. அப்படி உட்கார்ந்திருக்கும் திறமைசாலிகளைப் பார்க்கும்போது மனசு வலிக்கிறது.

*இது யாருக்குச் சரி:* பி.எச்.சி.யிலோ மாவட்டத்திலோ இருக்கும் மெடிக்கல் ஆபீசருக்கு. யோசிக்கவே வேண்டாம். இரண்டு வருடம் முடியாது என்றால் மூன்று மாதத் தொடக்க நிலைப் பயிற்சி எங்காவது கிடைக்கிறதா பாருங்கள், வேலையை விடாமலே செய்யும் வகையில் வடிவமைத்தது அது.

## வேலையில் இருந்துகொண்டே குறுகிய பயிற்சிகள்

ஏற்கெனவே கல்லூரியில் இருப்பவர்களுக்கு இது. தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் இணையத்தில் நடத்தும் உயிர்மருத்துவ ஆய்வு அடிப்படைப் பாடத்தையும், மருத்துவக் கல்வித் தொழில்நுட்ப அடிப்படைப் பயிலரங்கையும் தேசிய மருத்துவ ஆணையம் பதவி உயர்வுக்குக் கட்டாயமாக்கிவிட்டது. பலர் சான்றிதழுக்காக முடிக்கிறார்கள். வீடியோக்கள் உண்மையிலேயே நன்றாக இருக்கின்றன, வேகத்தைக் கூட்டிவைத்து ஓட்டாமல் பாருங்கள். ஆனால் அவை உங்கள் புரோட்டோகாலைத் திருத்தாது.

திருத்துவது வேறொன்று. காசநோய்க்கான சர்வதேச ஒன்றியமும் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் 2009-இல் தொடங்கி, பிறகு உலக சுகாதார நிறுவனம் கையில் எடுத்துக்கொண்ட 'சார்ட் இட்' என்ற செயல்முறை ஆய்வுப் பயிற்சி. ஏறக்குறைய ஒரு வருடத்தில் மூன்று கட்டம். முதலில் புரோட்டோகால், அடுத்து டேட்டா, கடைசியில் பேப்பர். ஒவ்வொன்றுக்கும் கெடு உண்டு, கெடு தவறினால் அடுத்த கட்டத்துக்கு வரக்கூடாது, அவ்வளவுதான். கடைசிக் கட்டம் முடிந்து நான்கு வாரத்துக்குள் இதழுக்கு அனுப்பியாக வேண்டும். பக்கத்திலேயே மென்டர் உட்கார்ந்து வாக்கியம் வாக்கியமாகப் பார்ப்பார். எம்.டி.யில் கிடைக்காத திருத்தம் பலருக்கு இங்கேதான் கிடைக்கிறது. எல்லா வருடமும் எல்லாத் தலைப்பிலும் நடப்பதில்லை என்பதுதான் குறை.

கற்பித்தலுக்கு, மருத்துவ ஆசிரியர்களுக்கான ஃபெய்மர் ஃபெலோஷிப் இருக்கிறது, கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி.யில் 2007 முதல். இரண்டு வருடம், ஆனால் நேரில் போவது சில நாட்கள்தான், மீதி உங்கள் கல்லூரியிலேயே ஒரு கல்விப் புராஜெக்ட். கல்லூரி ஒத்துழைக்க வேண்டும், டீனிடம் கையெழுத்து வாங்குவதில் தொடங்குங்கள்.

மேலே சொன்ன மருத்துவக் கல்விப் பயிலரங்கில் ஐந்து நிமிட மைக்ரோ டீச்சிங், அதாவது மாதிரி வகுப்பு வைப்பார்கள். என்னுடைய சாம்பிளிங் வகுப்பைப் பார்த்துவிட்டு ஒரு மூத்த பேராசிரியை, "ஸ்லைடு நல்லா இருக்கு. பசங்க கையில என்ன இருக்கு?" என்று கேட்டார். அதிலிருந்து நான் ஒரு பையில் 200 புளியங்கொட்டை கொண்டுபோகிறேன், 40 கொட்டைக்கு நகப்பூச்சு அடித்து. ஒவ்வொருவரும் கண்ணை மூடிப் பத்து எடுத்து, பூசியது எத்தனை என்று போர்டில் எழுத வேண்டும். ஒருவருக்கு பூஜ்யம், ஒருவருக்கு ஐந்து. அப்புறம் முப்பது முப்பதாக எடுக்கச் சொன்னால் சதவீதங்கள் இருபதை நோக்கி நெருங்கிவருவதை அவர்களே பார்க்கிறார்கள். சாம்பிள் சைஸ் ஏன் முக்கியம் என்று அதற்குமேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

மறைந்திருக்கும் செலவு உங்கள் தூக்கம். ஓ.பி., வகுப்பு, வீடு எல்லாம் முடித்து இரவு பத்து மணிக்கு டேட்டா என்ட்ரி. கூடவே, பேப்பர் கட்டாயம் என்றதும் பணம் கட்டினால் இரண்டு வாரத்தில் போட்டுத்தரும் இதழ்கள் மெயில் அனுப்பும். தயவுசெய்து போகாதீர்கள். கட்டணம் வாங்காத நல்ல இதழ்கள் இருக்கின்றன, தாமதமாகும், ஆனால் அந்த ரிவ்யூவர் எழுதும் குறிப்பே ஒரு பாடம். டேட்டா சேர்க்கவும் அலசவும் மென்பொருளுக்குப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை, எபி இன்ஃபோ, ஆர், எபிகலெக்ட் எல்லாம் இலவசம்.

## பிஎச்.டி.?

முதல் படியாக வேண்டாம். உங்களை ஐந்து வருடம் தூங்கவிடாத கேள்வி ஒன்று கிடைத்தபின் போங்கள்.

## சேர்வதற்கு முன் நான் செய்யச் சொல்வது

எந்த வழியானாலும் பிரின்சிபாலையோ அட்மிஷன் ஆபீஸையோ கேட்டுப் பயனில்லை. அங்கே இரண்டாம் வருடம் படிக்கும் ஒருவரைப் பிடியுங்கள். "உங்க புரோட்டோகாலை கைடு திருத்தின டிராஃப்டைக் காட்டுவீங்களா?" என்று கேளுங்கள். பக்கமெல்லாம் கோடும் கேள்விக்குறியுமாக ஒன்றை அனுப்பினால் சேருங்கள். "அவர் ஓகேன்னு சொல்லிட்டார், திருத்தம் எதுவும் இல்லை" என்று பதில் வந்தால், கட்டணம் கட்டும் முன் இன்னொரு இடத்துக்குப் போன் போடுங்கள்.